கேட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோர்

உரிமை இருக்கும் இடத்தில் குரல் எழவில்லை. குரல் எழும் இடத்தில் உரிமை இல்லை. தமிழகப் பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் நடுவே என்னதான் நடக்கிறது?

“கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு, தோலை உரிச்சிடுங்க சார்!”

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்த அப்பாக்கள் வாத்தியாரிடம் இப்படிச் சொல்லிவிட்டுப் போனது தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் நடந்த கதை. பிள்ளையை முழுதாக ஒப்படைத்துவிட்டேன், இனி எல்லாம் உங்கள் பொறுப்பு என்பது அதன் பொருள். அதற்குப் பிறகு அந்த அப்பா பள்ளி வாசலை மிதிப்பது இரண்டே சமயங்களில்தான். பையன் ஏதாவது வம்பு செய்து, ‘நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்று அனுப்பப்படும்போது ஒரு முறை. டி.சி. வாங்கும்போது இன்னொரு முறை.

பிரம்பு போய்விட்டது. 2003-லேயே தமிழகக் கல்வி விதிகளிலிருந்து அடிக்கும் அதிகாரம் நீக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17-ஆவது பிரிவில், பிள்ளைகளின் உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வருத்தும் தொல்லையையும் தடை செய்தது. ஆனால் பிரம்பு இருந்த காலத்தில் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த தூரம் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் பள்ளி பெற்றோரைத் தேடுவது பெரும்பாலும் மூன்று காரணங்களுக்காக: பணம், கையெழுத்து, புகார். மற்ற நாட்களில் அவர்களின் எல்லை இரும்பு கேட்டோடு முடிந்துவிடுகிறது. ஊராட்சி ஒன்றியப் பள்ளியானாலும் சரி, லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளியானாலும் சரி, இந்தக் காட்சியில் பெரிய மாற்றம் கிடையாது.

ஒரு பிள்ளை அழுதுகொண்டே வீடு திரும்பும் நாளில்தான் இதன் விலை தெரிகிறது. அதுவரை பேசிக்கொள்ளாத இரண்டு தரப்பும் அன்றைக்குக் கோபத்தோடும் பயத்தோடும் முதல் முறையாக எதிரெதிரே உட்காருகின்றன. சாதாரண நாட்களில் பேசிப் பழகாதவர்களுக்குச் சங்கடமான நாளில் நல்ல வார்த்தை எங்கிருந்து வரும்?

சட்டம் போட்ட நாற்காலி

பெற்றோரைப் பள்ளியின் பங்காளியாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று யாரும் இனிமேல் கெஞ்ச வேண்டியதில்லை. சட்டமே அதைச் சொல்லிவிட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளைத் தவிர மற்ற எல்லாப் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்களின் விகிதத்துக்கு ஏற்ற இடம்.

இந்தக் குழுவுக்குக் கொடுத்திருக்கும் வேலைகள் அலங்காரத்துக்கானவை அல்ல. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது, அரசிடமிருந்தும் பிறரிடமிருந்தும் வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் பள்ளிகளிலும் இந்தக் குழு ஆலோசனை மட்டும் சொல்லலாம் என்று 2012-இல் ஒரு திருத்தம் வந்தது. அரசுப் பள்ளிகளில் முழு அதிகாரமும் அப்படியே இருக்கிறது.

ஆசிரியர்களுக்கும் அதே சட்டம் ஒரு கடமையை வைத்திருக்கிறது. பெற்றோரைத் தவறாமல் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிச் சொல்ல வேண்டும் என்கிறது 24-ஆவது பிரிவு. ஆக, பெற்றோரிடம் பேசுவது ஆசிரியர் தன் நல்ல மனத்தால் செய்யும் சலுகை அல்ல. பாடம் நடத்துவதைப் போலவே அதுவும் அவருடைய பணி.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் பல ஆண்டுகள் காகிதத்தில்தான் இருந்தன. 2022 மார்ச் 19 அன்று ‘நம் பள்ளி நம் பெருமை’ என்ற இயக்கத்தை முதல்வர் தொடங்கிவைத்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மாநிலத்தின் 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. தொடர்ந்து குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோர். உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் தலைமை ஆசிரியரும் ஓர் ஆசிரியரும் உடன் இருப்பார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடியும் குழுக்களை அமைத்தபோது உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. நாற்காலி போட்டாயிற்று. அதில் உட்காருகிறவர்களுக்கு என்ன நடக்கிறது?

வெள்ளிக்கிழமை மூன்று மணி

புதிய குழுக்கள் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூட வேண்டும் என்று சொல்லப்பட்டது. ஏதாவது ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளிக் கூட்டத்தின் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள்.

மூன்று மணிக் கூட்டத்துக்கு அம்மாக்கள் மூன்றரைக்கு வருகிறார்கள். சிலர் வேலை செய்த இடத்திலிருந்து நேராக வருகிறவர்கள். அரை நாள் கூலி போயிருக்கும். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சின் நுனியில் உட்காருகிறார்கள். ஹெச்.எம். உள்ளே வந்ததும் எழுந்து நிற்கிறார்கள், குழுத் தலைவராக இருக்கும் அம்மாவும் சேர்ந்துதான். சட்டப்படி அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வேண்டியவர் அவர். மேசைக்குப் பின்னால் இருக்கும் நாற்காலி அவருக்கு உரியது.

தீர்மான நோட்டு வருகிறது. தீர்மானங்கள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன. “இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா.” கையெழுத்தாகிறது. பெற்றோருக்கான செயலியில் விவரத்தைப் பதிவேற்ற வேண்டும் என்பதால் ஒரு போட்டோ எடுக்கப்படுகிறது. டீயும் பிஸ்கட்டும் வருகின்றன. “ஏதாவது சொல்லணுமாம்மா?” என்று கேட்கிறார் ஆசிரியை. அவர் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார். “எங்களுக்கு என்ன டீச்சர் தெரியும், நீங்க பாத்துச் செஞ்சா சரிதான்” என்கிறார்கள். கூட்டம் முடிந்துவிட்டது.

கேட்டுக்கு வெளியே வந்ததும்தான் பேச்சு தொடங்குகிறது. “பொம்பளப் புள்ளைங்க பாத்ரூம்ல தண்ணியே இல்லையாம். எம் பொண்ணு காலைல போனா சாயந்திரம் வீட்டுக்கு வந்துதான் போறா.” “ரெண்டாவது படிக்கிறவன் இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாம இருக்கான். யார்கிட்ட கேக்கறது?” “முட்டை போடறாங்களா இல்லையான்னே தெரியல, இவன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான்.” இப்படிப் பேசிக்கொண்டே கலைகிறார்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் எழுதப்பட வேண்டிய எல்லாமும் அந்தப் பேச்சில் இருந்தது. தீர்மான நோட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை.

இந்த அம்மாக்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்பவர்கள் அவர்களைப் பார்த்ததில்லை. ஒரு பிள்ளை பள்ளிக்குக் கிளம்புவதற்காக அதிகாலையில் எழுந்து உலை வைப்பவர்கள் அவர்கள். அவர்களிடம் இல்லாதது தைரியம். ‘படித்தவர்கள் நடுவே நாம் என்ன பேசுவது’ என்ற கூச்சம் பல தலைமுறையாக அவர்களுக்குள் ஊறியது. சாதியும் வறுமையும் பள்ளியின் பழைய அதிகாரமும் சேர்ந்து அதை ஊற வைத்தன.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய நோயும் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆனெட் லாரோ, கறுப்பின, வெள்ளையினக் குடும்பங்களைப் பக்கத்திலிருந்து கவனித்து 2003-இல் ஒரு நூல் எழுதினார். நடுத்தர வர்க்கப் பெற்றோர் பள்ளியோடு வாதாடி, தம் பிள்ளைக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குகிறார்கள். உழைக்கும் வர்க்கப் பெற்றோர் படிப்பு விஷயத்தை ஆசிரியருக்கே விட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். பிள்ளைமேல் இருவருக்கும் பாசம் ஒன்றுதான். பள்ளியிடம் பேசும் பழக்கத்தில்தான் வித்தியாசம். அந்த வித்தியாசம் பிள்ளையின் எதிர்காலம் வரை நீள்கிறது என்பதே அவருடைய முடிவு.

ஆகவே கூச்சத்தைப் போக்கும் முதல் வேலை பள்ளியுடையது. ‘ஏதாவது சொல்லணுமா’ என்ற கேள்விக்கு எந்த ஊரிலும் பதில் வராது. ‘உங்க புள்ள வீட்டுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தப் பத்தி என்ன சொல்லும்?’ என்று கேட்டால் எல்லா அம்மாவுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தால் பாதிக் கூச்சம் அங்கேயே போய்விடும். தீர்மானத்தைக் கூட்டத்துக்கு முன்னால் எழுதாமல், பேசி முடித்த பிறகு எழுதினால் மீதியும் போகும். இதற்கெல்லாம் அரசாணை தேவையில்லை, ஒரு காசு செலவில்லை.

கட்டணம் கட்டுகிறவருக்கு இடம் எங்கே?

இனி அடுத்த பக்கம் வருவோம். மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோருக்குப் பேசத் தயக்கம் இல்லை. கேள்வி கேட்பார்கள், மின்னஞ்சல் அனுப்புவார்கள், வாட்ஸ்அப்பில் விவாதிப்பார்கள். ஆனால் 21-ஆவது பிரிவு உதவி பெறாத தனியார் பள்ளிகளைத் தொடுவதில்லை. பெயருக்கு ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருந்தாலும், கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிப் பெற்றோருக்குத் தரும் கண்காணிப்பு அதிகாரம் அங்கே கிடையாது. கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்குப் பள்ளியின் வரவு செலவைப் பார்க்கும் உரிமை இருக்கிறது, கேட்க நா எழவில்லை. கடன் வாங்கி ஃபீஸ் கட்டும் அப்பாவுக்குக் கேட்க நா இருக்கிறது, உரிமை இல்லை.

தனியார் பள்ளிப் பெற்றோருக்கு மிஞ்சியிருக்கும் பாதுகாப்பு, கட்டணத்தை முறைப்படுத்த 2009-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்குவது குற்றம். ஆனால், ‘குழு நிர்ணயித்த ஆணையைக் காட்டுங்கள்’ என்று எத்தனை பெற்றோர் அலுவலக ஜன்னலில் கேட்டிருப்பார்கள்? கேட்டால் பிள்ளையைக் கட்டம் கட்டிவிடுவார்களோ என்ற பயம் வாயைக் கட்டிப்போடுகிறது. படித்தவர், நல்ல வேலையில் இருப்பவர், வெளியே எதற்கும் அஞ்சாதவர்கூடப் பிள்ளையின் பள்ளி அலுவலகத்தில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்.

சேர்க்கையின்போதே இந்தப் பயம் விதைக்கப்படுகிறது. எல்.கே.ஜி. சேர்க்கைக்கு அப்பாவும் அம்மாவும் நேர்காணலுக்குப் போகிறார்கள். என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே வேலை, வீட்டில் ஆங்கிலம் பேசுவீர்களா என்று கேள்விகள் வருகின்றன. சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்தத் தேர்வும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 ரூபாய் வரையும் அபராதம். முதல் நாளே பெற்றோரைத் தேர்வு எழுத வைத்து உள்ளே விடும் பள்ளி, பிறகு எப்படி அவர்களைச் சமமாக உட்கார வைக்கும்?

ஐந்து நிமிடச் சந்திப்பு

தனியார் பள்ளிகளில் பருவத்துக்கு ஒரு சனிக்கிழமை பெற்றோர் சந்திப்பு நடக்கும். வரிசையில் நின்று, முறை வந்ததும் வகுப்பாசிரியை எதிரே உட்கார வேண்டும். பக்கத்தில் பிள்ளை நிற்கும். திருத்திய விடைத்தாள்கள் கைக்கு வரும். “நல்லாப் பண்ணுவான், கேர்லெஸ் மிஸ்டேக்ஸ்தான் அதிகம்.” “கிளாஸ்ல ரொம்பப் பேசறா.” “வீட்ல கொஞ்சம் பிராக்டிஸ் பண்ண வைங்க.” அப்பா பிள்ளையை முறைக்கிறார், அம்மா தலையாட்டுகிறார். பின்னால் இன்னும் முப்பது குடும்பங்கள் காத்திருக்கின்றன. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசப்படவில்லை, மதிப்பெண்ணைப் பற்றி மட்டும்தான் பேச்சு. அவன் யாரோடு சாப்பிடுகிறான், எதைப் பார்த்துப் பயப்படுகிறான், எந்தப் பாடத்தில் கண் விரிகிறது என்று ஆசிரியைக்குத் தெரிந்திருக்கலாம். போன மாதம் தாத்தா இறந்ததிலிருந்து அவன் ராத்திரியில் தூங்குவதில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். ஆளுக்குப் பாதி தெரியும், இரண்டு பாதியும் சந்திப்பதற்காக ஏற்பட்ட நாள் அது. அதை மதிப்பெண் பட்டியல் விழுங்கிவிடுகிறது.

பிள்ளையை நிற்க வைத்துக்கொண்டு அவனைப் பற்றிக் குறை சொல்லும் பழக்கத்தை இரு தரப்பும் விட வேண்டும். குறை சொல்வதற்கு முன்னால் நிறை ஒன்றையாவது சொல்வது ஆசிரியரின் கண்ணியம். கேட்டதை வீட்டுக்குப் போய் ஆயுதமாக்காமல் இருப்பது பெற்றோரின் கண்ணியம். சந்திப்பு முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே எத்தனை பிள்ளைகள் அடி வாங்குகிறார்கள் என்று ஆசிரியர்களுக்குத் தெரிந்திருந்தால், பலர் அந்த ஐந்து நிமிடத்தை வேறு விதமாகச் செலவிட்டிருப்பார்கள்.

கண்காணிப்பு ஏன் வேண்டும்?

பெற்றோர் உள்ளே வந்து பார்ப்பதைப் பள்ளிகள் தொந்தரவாக நினைக்கின்றன. அதற்கு ஒரு பதில் கும்பகோணத்தில் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று அந்த ஊர்ப் பள்ளி ஒன்றின் சமையல் கூடத்தில் பற்றிய தீ, கூரை வேய்ந்த வகுப்பறைக்குத் தாவி 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கின. கீற்றுக் கூரை இருந்தது, குறுகலான மாடிப்படி இருந்தது. காலையில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி அனுப்பிய பெற்றோர் அந்தப் பள்ளியை நம்பினார்கள். அவர்கள்மேல் எந்தத் தவறும் இல்லை. உள்ளே வந்து பார், கூரையை மாற்றச் சொல்லிக் கேள், அது உன் உரிமை என்று அவர்களுக்குச் சொல்ல அன்றைக்கு எந்தச் சட்டமும் இல்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு நீதிக்காகவும் இழப்பீட்டுக்காகவும் பத்தாண்டுக்கு மேல் நீதிமன்றப் படி ஏறினார்கள். விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2014 ஜூலையில்.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே, ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று மாநிலத்தில் தனி விதிகள் வந்தன. பேருந்தின் தளத்தில் ஓட்டை ஒரே நாளில் விழுந்துவிடுவதில்லை. வாரம் ஒரு நாள் இரண்டு பெற்றோர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கும் வழக்கம் இருந்தால் இத்தகைய ஓட்டைகள் நாளிதழ்களுக்கு வருவதற்கு முன்பே அடைபடும். அதிகாரிகள் ஆண்டுக்கு ஒரு முறை வருவார்கள். பெற்றோர் தினமும் கேட் வரை வருகிறார்கள். அவர்களை இன்னும் பத்தடி உள்ளே விடுவதில் என்ன நஷ்டம்?

பெற்றோர் பக்கத்துத் தவறுகள்

பெற்றோர் கையில் அதிகாரம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னால் அது பாதி உண்மை. 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஒரு அரசுப் பள்ளியில், தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று திரண்டவர்களில் பிள்ளைகளின் பெற்றோரும் இருந்தார்கள். ‘எங்கள் பிள்ளை’ என்ற பெயரில் அங்கே பேசியது சாதி. 2023 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே ஒரு தொடக்கப் பள்ளிக்குள் புகுந்த ஒரு குழந்தையின் குடும்பத்தார், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆசிரியரைத் துரத்தி அடித்தார்கள். புகார் எதுவாக இருந்தாலும் அதைக் கேட்க முறை இருக்கிறது. அந்த வகுப்பறைப் பிள்ளைகள் அன்றைக்குக் கற்ற பாடத்தை எந்த ஆசிரியரும் இனி அழிக்க முடியாது.

இவை பெரிய தவறுகள். அன்றாடச் சின்னத் தவறுகளும் உண்டு. இரவு பத்து மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், “மிஸ், என் பையன் பென்சில் பாக்ஸ் காணோம்” என்று எழுதுவது. ஓர் ஆசிரியரைப் பற்றி அவரிடமே பேசாமல் பெற்றோருக்கான தனிக் குழுவில் தீர்ப்பு எழுதுவது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கொண்டுவந்து ஆசிரியரிடம் நியாயம் கேட்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபீஸ் கட்டிவிட்டோம், இனி பிள்ளை பள்ளியின் பொறுப்பு என்று கைகழுவுவது. பிரம்புக் காலத்து அப்பா பணிவோடு செய்ததை இந்தக் காலத்துப் பெற்றோர் அதிகாரத்தோடு செய்கிறார்கள். 2002-இல் வந்த 86-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைக்குக் கல்வி கிடைக்க வழி செய்வதைப் பெற்றோரின் அடிப்படைக் கடமையாகவே எழுதி வைத்திருக்கிறது. அது பணத்தோடு முடியும் கடமை அல்ல.

ஆசிரியரின் மேசையில்

இந்தக் கதையில் ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பு என்றால் ஐந்து வகுப்பும் இன்னொருவர் தலையில். எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றம், விலையில்லாப் பொருட்களின் கணக்கு, தேர்தல் பணி என்று வேலைகள் வரிசை கட்டுகின்றன. பெற்றோரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச அவருக்கு எப்போது நேரம்? அப்படியும் ஒவ்வொரு கோடையிலும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள் அரசுப் பள்ளி ஆசிரியர்கள்தான். வராமல் நின்ற பிள்ளையைத் தேடிச் செங்கல் சூளைக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் போய் அழைத்து வருகிறவர்களும் அவர்கள்தான். ஓர் ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தால், அந்தக் குடும்பம் அவரை ஆயுசுக்கும் மறக்காது. அந்த வீட்டு அம்மா அடுத்த கூட்டத்தில் வாய் திறப்பார்.

குழுக்கள்மேல் சக்திக்கு மீறிய சுமையை ஏற்றுவதும் ஆபத்து. 2022-இல் 13,331 ஆசிரியர் காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்பும் வேலையை அரசு பள்ளி மேலாண்மைக் குழுக்களிடம் விட்டது. சம்பளம் 7,500 முதல் 12,000 ரூபாய் வரை. தகுதியைச் சரிபார்ப்பது யார், உள்ளூர் செல்வாக்கு நுழைந்துவிடாதா என்ற கேள்விகளோடு விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. நிரந்தர ஆசிரியரை நியமிப்பது அரசின் கடமை. நியமித்த ஆசிரியர் வருகிறாரா, பிள்ளை கற்கிறதா என்று பார்ப்பது பெற்றோரின் வேலை. இரண்டையும் குழப்பினால் இரண்டும் நடக்காது.

ஊர் கட்டிய பள்ளிகள்

ஊரும் பெற்றோரும் பள்ளியில் பங்கெடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1954 முதல் 1963 வரை காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில், பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். நிலம் கொடுத்தவர்கள் இருந்தார்கள், பெஞ்சும் மணியும் கடிகாரமும் கொடுத்தவர்கள் இருந்தார்கள். மதிய உணவுத் திட்டமே ஊர்மக்கள் கொடுத்த தானியத்தோடும் காசோடும்தான் காலூன்றியது. பள்ளிக்கூடம் ஊரின் சொத்து என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது.

பிறகு வந்த பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் எத்தனையோ பள்ளிகளைத் தூக்கி நிறுத்தின. ஆசிரியர் இல்லாத பாடத்துக்குச் சொந்தப் பணத்தில் ஆள் போட்டு ‘பி.டி.ஏ. டீச்சர்’ என்ற ஏற்பாட்டையே உருவாக்கினார்கள். ஆனால் காலப்போக்கில் பல இடங்களில் பெற்றோரின் பங்கு பணம் கொடுப்பதோடு சுருங்கியது. ஊரில் வசதியானவர் தலைவரானார், மற்றவர்கள் நன்கொடை ரசீது வாங்கிக்கொண்டார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளி’ திட்டம் முன்னாள் மாணவர்களையும் நிறுவனங்களையும் அரசுப் பள்ளிகளுக்கு உதவ அழைக்கிறது. வரவேற்போம். ஆனால் கட்டடம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் மாலையும் மரியாதையும், அந்தக் கட்டடத்தில் பிள்ளையைப் படிக்க வைக்கும் கூலித் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக்களின் வெற்றியை அதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

நீங்கள் கேட்கலாம்!

• அரசுப் பள்ளி என்றால், மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அடுத்த கூட்டம் எப்போது என்று கேளுங்கள். கூட்டத்தின் தீர்மானங்கள் மக்கள் பார்வைக்கு உரியவை.

• பள்ளி வளர்ச்சித் திட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். கழிப்பறைத் தண்ணீர், சுற்றுச்சுவர், நூலகம் எல்லாம் அதில் ஏறினால்தான் நிதிக்கு வழி பிறக்கும்.

• தனியார் பள்ளி என்றால், கட்டண நிர்ணயக் குழுவின் ஆணையைக் கேளுங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

• நன்கொடை கேட்டால் சட்டம் உங்கள் பக்கம். வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது.

• பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு தடுக்கிறது. டியூஷனுக்கு வரச் சொல்லிப் பிள்ளையை நெருக்கினால் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

• பள்ளிக் கல்வி பற்றிய உதவிக்கு 14417. பிள்ளைக்கு எந்த வகை ஆபத்து என்றாலும் 1098.

இரு தரப்புக்கும்

தலைமை ஆசிரியர்களே, அடுத்த கூட்டத்தில் குழுத் தலைவராக இருக்கும் அந்த அம்மாவை அவருக்குரிய நாற்காலியில் உட்கார வையுங்கள். கூட்டத்தின் நேரத்தை அவர்களின் வேலை நேரத்தைப் பார்த்து வையுங்கள். தீர்மான நோட்டை வெறுமையாக எடுத்து வந்து, அவர்கள் பேசப் பேச எழுதுங்கள். தனியார் பள்ளி நிர்வாகிகளே, சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதால் பெற்றோரின் குரலுக்குக் கதவடைக்க வேண்டியதில்லை. கணக்கை மறைக்காத பள்ளிக்கு வதந்தியைப் பற்றிய கவலை வராது.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. கூலி இழந்து கூட்டத்துக்கு வரும் பெற்றோருக்கு அந்த அரை நாள் கூலியை ஈடு செய்ய வழி காண வேண்டும். உதவி பெறாத தனியார் பள்ளிகளிலும் பெற்றோரே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் பாதுகாப்பையும் கட்டணத்தையும் கண்காணிக்கச் சட்டத்தில் இடம் செய்ய வேண்டும். குழு எழுதி அனுப்பும் தீர்மானத்துக்கு இத்தனை நாளில் பதில் என்று அதிகாரிகளுக்குக் கெடு வைக்க வேண்டும். பதில் வராத தீர்மானங்கள் இரண்டு மூன்று சேர்ந்தால் யாரும் நான்காவது கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் பள்ளியில் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புகார் எதுவும் இல்லாத ஒரு நாளில் ஆசிரியரைப் பாருங்கள். பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றுக்கு அவருக்கு நன்றி சொல்லுங்கள். கேட்டுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டதை உள்ளே வந்து சொல்லுங்கள். பள்ளி உங்கள் வரியில் நடக்கிறது, அல்லது நீங்கள் கட்டும் கட்டணத்தில் நடக்கிறது. அதில் படிப்பது உங்கள் பிள்ளை. உள்ளே வர உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.